குளிர்கால இரவில் சின்ன மோட்டார் படகில் முதல் தடவை தூங்கப் போகிறேன், எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

நீர்க்காகம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். வருகிற வெள்ளிக்கிழமை இரவு என் படகிலேயே தனியாகத் தூங்கலாம் என்று இருக்கிறேன். கோடையின் கடைசியில் நான்கு இரவுகள் அதில் தூங்கியிருக்கிறேன். குளிர்காலத்தில் இதுதான் முதல் தடவை. அன்று விடியற்காலையில் மைனஸ் 3 டிகிரி வரை இறங்கும் என்கிறது வானிலை அறிவிப்பு. காற்று அதிகம் இருக்காதாம்.

படகைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீளம் 6.8 மீட்டர். ஃபைபர் உடல், முப்பது வருஷத்துக்கு மேல் பழையது. உள்ளே பொருத்திய டீசல் எஞ்சின். மூக்குப் பகுதியில் வி வடிவத்தில் ஒரு படுக்கை, அதற்குப் பின்னால் நிமிர்ந்து நிற்க முடியாத உயரத்தில் ஒரு கேபின், இரண்டு பர்னர் கேஸ் அடுப்பு. அலுமினியச் சட்டத்தில் ஒற்றைக் கண்ணாடி ஜன்னல்கள் ஆறு. பின்பக்கத் திறந்த தளத்தை ஜிப் வைத்த கேன்வாஸ் கூரை மூடுகிறது. ஏரித் துறையில் கட்டியே கிடக்கும், எங்கும் ஓட்டிப்போகப் போவதில்லை. எஞ்சினில் உறையாத திரவம் ஏற்றி மூடியாகிவிட்டது. தண்ணீர்த் தொட்டியையும் வடித்துவிட்டேன். துறையில் குளிர்காலத்துக்கு மின்சாரம் கிடையாது.

இந்தக் குளிரில் எதற்கு என்று வீட்டிலும் கேட்டார்கள். படகு வாங்கியது செப்டம்பரில். அதற்கு முன் பதினோரு வருஷம் அதே கரையில் நடந்துபோய், மற்றவர்களுடைய படகுகளைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். கையில் கிடைத்த பிறகு, தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு ஐந்து மாதம் கழித்து வா என்றால் மனம் கேட்கவில்லை. குளிர்கால விடியலில் தண்ணீரிலிருந்து ஆவி எழும்புவதைக் கரையிலிருந்து எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஒரு தடவையாவது அதற்கு உள்ளே இருந்துகொண்டு பார்க்க வேண்டும்.

இதுவரை செய்திருப்பது இது. காற்று வரும் ஓட்டை ஒவ்வொன்றையும் டேப் போட்டு அடைத்துவிட்டேன். கூரையில் காளான் மாதிரி இருக்கும் இரண்டு காற்றுப்போக்கிகள், கதவுக்குக் கீழே உள்ள சல்லடை, ஜன்னல் இடுக்குகள், ஒன்றும் பாக்கியில்லை. இறகு அடைத்த நல்ல ஸ்லீப்பிங் பேக் ஒன்று இருக்கிறது. முந்தைய உரிமையாளர் பொருத்திய டீசல் ஹீட்டர் இருக்கிறது, சூடான காற்றை ஊதும் வகை, 2 கிலோவாட். நான்கு முறை போட்டுப் பார்த்ததில் மூன்று முறை ஓடியது. ஒரு முறை மட்டும் விசிறி கொஞ்சம் சுற்றிவிட்டு நின்றுவிட்டது. பேட்டரி 110 ஆம்பியர்-மணி, ஈய-அமில வகை. எத்தனை வருஷம் ஆயிற்று என்று தெரியவில்லை. ஹீட்டர் தகராறு செய்தால், தூங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் கேஸ் அடுப்பை எரியவிட்டு கேபினைச் சூடாக்கிக்கொண்டால் போதும் என்று நினைக்கிறேன்.

நான் யோசிக்காமல் விட்டது ஏதாவது இருக்கிறதா? பேட்டரி விடியும் வரை தாங்குமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

சுக்கான்

சகோதரி, முதல் வேலையாக அந்த டேப்பை எல்லாம் உரித்துவிடுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

பதினேழு குளிர்காலமாகப் படகில் தூங்குகிறேன். முதல் வருஷம் நானும் நீங்கள் செய்ததைத்தான் செய்தேன். அப்போது என் பெரிய எதிரி குளிர்தான் என்று நினைத்திருந்தேன். சின்னப் படகில் நாம் சண்டை போட வேண்டியது ஈரத்தோடு. அதுவும் வெளியிலிருந்து வரும் ஈரம் இல்லை, நம் மூச்சிலிருந்து வருவது. ஒரு ஆள் ஒரு நீண்ட இரவில் மூச்சும் வியர்வையுமாகக் கால் லிட்டரிலிருந்து அரை லிட்டர் வரை தண்ணீரைக் காற்றில் விடுகிறார். வீட்டில் அது தெரியாது, இடம் பெரியது. உங்கள் கேபின் ஒரு பெரிய அலமாரி அளவுதான் இருக்கும். 20 டிகிரியில் பாதி ஈரப்பதம் உள்ள காற்று, ஏறக்குறைய 9 டிகிரி உள்ள எந்தப் பரப்பைத் தொட்டாலும் அங்கே தண்ணீராகப் படியத் தொடங்கும். உங்கள் கண்ணாடியும் அலுமினியச் சட்டமும் அன்று இரவு பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். அப்புறம் என்ன ஆகும் என்று பாருங்கள். ஜன்னலில் வழியும், கூரையில் முத்து முத்தாகக் கட்டும், விடியற்காலை மூன்று மணிக்கு நெற்றியில் சொட்டும். இறகு ஸ்லீப்பிங் பேக் அந்த ஈரத்தைக் குடித்துவிட்டுத் தட்டையாகிவிடும். ஈர இறகில் சூடு நிற்காது. செயற்கைப் பஞ்சு அடைத்தது யாரிடமாவது இரவல் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இறகுப் பைக்கு மேலே அப்படி ஒரு போர்வையைப் போடுங்கள். ஈரம் மேல் போர்வையோடு நின்றுவிடும்.

அடுத்தது கேஸ் அடுப்பு. அதைச் சமையலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், சூட்டுக்கு வேண்டாம். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாக வரும். அந்தச் சின்ன பர்னர் ஒரு மணி நேரத்தில் ஒரு டம்ளர் தண்ணீரைக் கேபினுக்குள் ஊற்றுவதற்குச் சமம். அதுகூடப் பரவாயில்லை, துடைத்துவிடலாம். மூடிய இடத்தில் தீ எரிந்தால் ஆக்சிஜன் குறையும், குறைந்தால் எரிவது அரைகுறையாகும், அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். விழித்திருப்பவருக்குத் தலைவலி, குமட்டல், தலைசுற்றல் என்று ஏதாவது அடையாளம் காட்டும். தூங்குகிறவருக்கு அந்த எச்சரிக்கையும் கிடையாது. காற்றுத் துளைகளை அடைத்துவிட்டு உள்ளே அடுப்பை எரிய விடுவது என்ற உங்கள் திட்டத்தைப் படித்ததும் எனக்குக் கை நடுங்கியது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன், தவறாக நினைக்காதீர்கள்.

கார்பன் மோனாக்சைடு அலாரம் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. அது இல்லாமல் வெள்ளிக்கிழமை போக வேண்டாம். பெட்டியில் இஎன் 50291-2 என்ற ஐரோப்பியத் தர எண் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். கடைசியில் வரும் 2 முக்கியம், படகுக்கும் கேரவனுக்கும் உரிய பிரிவு அது. படுத்திருக்கும்போது உங்கள் தலை இருக்கும் உயரத்துக்குப் பக்கத்தில் மாட்டுங்கள், காற்றுத் துளைக்கு நேராக வேண்டாம். படுப்பதற்கு முன் சோதனைப் பொத்தானை அழுத்திச் சத்தம் கேளுங்கள்.

டீசல் ஹீட்டர் இருப்பது நல்ல விஷயம். அது எரிவதற்கான காற்றைத் தனியாக இழுத்து, புகையைத் தனிக் குழாயில் வெளியே தள்ளுகிறது. உள்ளே வருவது உலர்ந்த சூடு. ஆனால் அந்தப் புகைக்குழாயை முழுக்கக் கையால் தடவிப் பாருங்கள், எங்காவது இணைப்பு தளர்ந்திருக்கிறதா என்று. அது பக்கவாட்டில் வெளியே வரும் வாயை ஃபெண்டரோ (படகு துறையில் மோதாமல் பக்கத்தில் தொங்கவிடும் மெத்து) கேன்வாஸோ மறைக்கக் கூடாது.

இன்னொன்று. மூக்குப் படுக்கைக்கு மேலே ஒரு ஹேட்ச், அதாவது கூரையில் திறந்து மூடும் மூடி, இருக்குமே, அது உள்ளேயிருந்து திறக்கிறதா? உறைபனியில் ரப்பர் ஒட்டிக்கொள்ளும். ஹீட்டரும் அடுப்பும் உங்களுக்கும் கதவுக்கும் நடுவில் இருக்கின்றன. ஏதாவது பற்றிக்கொண்டால் அந்த ஹேட்ச்தான் உங்கள் வழி. பகலிலேயே இரண்டு தடவை திறந்து மூடிப் பழகிக்கொள்ளுங்கள். தீயணைப்பானைப் படுத்தபடியே கை எட்டும் இடத்தில் வையுங்கள்.

அகல்

நான் கேரவனில் போகும்போது மண்தொட்டியைக் கவிழ்த்து அதற்குள் நான்கு மெழுகுவர்த்தி ஏற்றி வைப்பேன். தொட்டி சூடேறி ரொம்ப நேரம் சூட்டைத் தரும். மின்சாரமே வேண்டாம். முயன்று பாருங்கள்.

செம்புக்கம்பி

அகல் அண்ணா, உங்களை மறுத்துப் பேசுவதற்கு மன்னிக்கவும். தொட்டி புதிதாகச் சூட்டை உண்டாக்காது, மெழுகு தரும் சூட்டைத்தான் வாங்கித் திருப்பித் தரும். தூங்கும் மனித உடலே 70, 80 வாட் சூடு தருகிறது. ஒரு மெழுகுவர்த்தி அதற்குமேல் பெரிதாக ஒன்றும் தந்துவிடாது. மெழுகு எரிந்தாலும் தண்ணீர் ஆவிதான் வரும். பக்கத்தில் ஒரு படகு போனால் அலையில் எல்லாம் ஆடும். ஆடுகிற இடத்தில், ஆள் தூங்கும்போது, எரியும் சுடர் எதுவும் வேண்டாம்.

நீர்க்காகம் அக்கா, உங்கள் ஹீட்டர் நான்கில் ஒரு தடவை நின்றது ஏன் என்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். படகு வயரிங்தான் என் தொழில். இந்த வகை ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டு ஆம்பியர் அளவில்தான் எடுக்கும். தொடங்கும்போது மட்டும் உள்ளே இருக்கும் குளோ பிளக் சிவக்கச் சூடாக வேண்டும். அந்த ஓரிரு நிமிடங்களுக்கு எட்டு, பத்து ஆம்பியர் இழுக்கும். பேட்டரி சோர்ந்திருந்தால், அல்லது வயர் மெல்லியதாக நீளமாக இருந்தால், அந்த நேரத்தில் ஹீட்டருக்குப் போய்ச் சேரும் வோல்ட் விழுந்துவிடும். பத்தரை வோல்ட்டை ஒட்டி இறங்கியதும் அது தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும். பேட்டரியில் நேராக வைத்து அளந்தால் 12 காட்டும், ஹீட்டரின் பிளக்கில் வைத்து அளந்தால்தான் உண்மை தெரியும். முனைகளைக் கழற்றிப் பச்சை பூத்திருந்தால் சுரண்டிச் சுத்தம் செய்து மறுபடி இறுக்குங்கள். பாதி நோய் அங்கேதான் இருக்கும்.

கணக்கைச் சொல்கிறேன். 110 என்று எழுதியிருந்தாலும் ஈய-அமில பேட்டரியில் பாதிக்குமேல் எடுத்தால் அதன் ஆயுள் போய்விடும். அதனால் 55. பூஜ்ய டிகிரிக் குளிரில் அதிலும் ஐந்தில் ஒரு பங்கு குறையும். 44 என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு மணி நேரம் இரண்டு ஆம்பியர் என்றால் 24. விளக்கு, போன் எல்லாம் சேர்த்து 30. பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் தாங்கும். வயது தெரியாது என்கிறீர்கள், அதனால் நம்பிவிட வேண்டாம். வீட்டுக்கு எடுத்துப் போய் முழுதாக ஏற்றி, ஒரு இரவு சும்மா வைத்துவிட்டுக் காலையில் அளந்து பாருங்கள். 12.6க்கு மேல் நின்றால் சரி. 12.3க்கு இறங்கியிருந்தால் அது போய்விட்ட பேட்டரி.

இதை மட்டும் மறக்காதீர்கள் அக்கா. ஹீட்டரைக் குறைந்த அளவில் வைத்து விடாமல் ஓடவிடுங்கள். சூடு அதிகமானால் ஜன்னலைத் திறங்கள், ஹீட்டரை அணைக்காதீர்கள். ஓடும்போது அது தகராறு செய்யாது. நிறுத்திவிட்டு நடுராத்திரியில் மறுபடி போடும்போதுதான் செய்யும். காலையில் நிறுத்தும்போதும் பேட்டரி சுவிட்சைச் சட்டென்று அணைக்கக் கூடாது. அதன் பொத்தானில் நிறுத்தினால் சில நிமிடம் விசிறி ஓடித் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். அது முடியட்டும்.

கரையோரம்

எல்லோரும் கேபினுக்குள் இருப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் வெளியே நடப்பதைச் சொல்கிறேன்.

அம்மா, நீங்கள் தனியாகப் போகிறீர்கள். துறைப் பலகையில் இரவு பதினொரு மணிக்கெல்லாம் உறைபனி படிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது, ஈரப் பலகை மாதிரிதான் இருக்கும். ஆறு வருஷத்துக்கு முன் எனக்கு மிக நெருங்கிய நண்பர் ஒருவர், அந்தப் பலகையில் காரிலிருந்து போர்வை எடுத்து வரும்போது வழுக்கித் தண்ணீரில் விழுந்தார். நன்றாக நீந்துவார். துறைக் கட்டை இடுப்பு உயரம்தான். அதைப் பிடித்து ஏற அவரால் முடியவில்லை. அடுத்த படகில் நான் இருந்ததால் சத்தம் கேட்டது. இரண்டு பேர் சேர்ந்து இழுத்தும் அந்த ஈர உடைகளின் எடையில் தூக்க முடியாமல், ஏணியைத் தேடிக் கொண்டுவந்து போட்டோம். இன்று நன்றாக இருக்கிறார். ஆனால் அந்த நாலு நிமிடம் அவருடைய விரல்கள் மடங்காமல் நின்றதை நான் மறக்கவில்லை.

கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகத்தில் குளிர்த் தண்ணீரில் தன் உடலையே இறக்கி ஆராய்ந்த பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட், ஒன்று-பத்து-ஒன்று என்று ஒரு கணக்கு சொல்லித் தருகிறார். விழுந்ததும் மூச்சு திணறி இரைக்கும், அதை அடக்கி நிதானத்துக்கு வர ஒரு நிமிடம். கை கால் நம் சொல்படி கேட்பது அடுத்த பத்து நிமிடம். குளிரால் நினைவு தப்பச் சுமார் ஒரு மணி நேரம். பலர் குளிர்ந்துபோய் இறப்பதற்கு முன்பே, அந்த முதல் நிமிடத்தில் தண்ணீரை உள்ளே இழுத்துத்தான் இறக்கிறார்கள். மிதவை உடுப்பு போட்டிருந்தால் முதல் நிமிடத்தைத் தாண்டிவிடலாம்.

ஆகவே இருட்டிய பிறகு கேபின் கதவைத் தாண்டினால் உடம்பில் மிதவை உடுப்பு இருக்க வேண்டும். படகின் ஏணியைத் தண்ணீருக்குள் இறக்கியே வையுங்கள், அல்லது தண்ணீரில் இருந்தபடி இழுத்தால் இறங்கும்படி ஒரு கயிறு கட்டுங்கள். வேண்டியதை எல்லாம் வெளிச்சத்திலேயே ஏற்றிவிடுங்கள். இரவில் கழிவறைக்காகக் கரைக்குப் போகாதீர்கள், மூடி உள்ள ஒரு வாளி உள்ளேயே இருக்கட்டும். சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும், இரவில் அதற்காக எழுந்து போய் விழுந்தவர்கள் உண்டு. நீங்கள் படகில் இருக்கிறீர்கள் என்பது கரையில் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும்.

நீர்க்காகம்

ஐயா, தம்பி, எல்லோருக்கும் நன்றி. டேப் முழுவதையும் இன்று மாலை உரித்துவிட்டேன். அலாரம் வாங்கிவிட்டேன், இஎன் 50291-2 தான். பேட்டரி ஒரு இரவுக்குப் பிறகு 12.5 காட்டுகிறது. முனைகள் பச்சையாகத்தான் இருந்தன, சுரண்டிவிட்டேன். அண்ணியிடமிருந்து செயற்கைப் பஞ்சுப் போர்வை வாங்கி வைத்திருக்கிறேன். ஹேட்ச் திறக்கவே இல்லை! இரண்டு நாள் சிலிக்கோன் தடவி, உள்ளேயிருந்து தோளால் முட்டித் திறந்தேன். இதைக் கேட்காமல் போயிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. போய் வந்து எழுதுகிறேன்.

நீர்க்காகம் (ஞாயிற்றுக்கிழமை)

போய் வந்துவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், என்னைப்போல முதல் தடவை போகிற யாருக்காவது உதவும்.

மதியம் இரண்டு மணிக்கே போய்ச் சாமான்களை ஏற்றிவிட்டேன். குடிக்கத் தண்ணீர் ஒரு கேன், இரண்டு ஃபிளாஸ்க் வெந்நீர், வெந்நீர்ப் பை, வாளி, தலையில் மாட்டும் விளக்கு. கயிறுகளைச் சரிபார்த்தேன். ஏணியை இறக்கி, பக்கத்தில் வெள்ளைத் துணி ஒன்றைக் கட்டினேன், இருட்டிலும் தெரிய வேண்டும் என்று. நாலரை மணிக்கு வெளிச்சம் போய்விட்டது. குளிர்கால இரவு எவ்வளவு நீளம் என்று வீட்டில் இருக்கும்போது தெரிவதில்லை. விளக்கு, சமையல், வேலை என்று பொழுது ஓடிவிடும். படகில் ஆறு மணிக்கே நடுராத்திரி மாதிரி இருந்தது. இன்னும் பதின்மூன்று மணி நேரம் இருக்கிறது என்று நினைத்தபோது கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

ஹீட்டர் முதல் முயற்சியிலேயே பிடித்துக்கொண்டது. குறைந்த அளவில் வைத்தேன். ஏழரைக்கு உள்ளே 17 டிகிரி. கூரையில் இருக்கும் காற்றுப்போக்கிகள் இரண்டும் திறந்தே இருந்தன, ஹேட்சையும் ஒரு விரல் அளவு தூக்கி வைத்தேன். அந்தச் சந்தில் கையை வைத்தால் வெதுவெதுப்பான ஈரக் காற்று வெளியே போவது தெரிகிறது. சுக்கான் ஐயா சொன்னதை அப்போது கையாலேயே உணர்ந்தேன், போவது என் மூச்சுதான்.

ஒன்பது மணிக்குப் படுத்தேன், தூக்கம் வரவில்லை. கோடையில் இந்தத் துறை எப்போதும் பேச்சும் பாட்டுமாக இருக்கும். அன்று முழு வரிசையிலும் நான் மட்டும்தான். தண்ணீர் படகின் வயிற்றைத் தட்டும் சத்தம், தலையணைக்கு ஒரு சாண் தூரத்தில். கயிறு இறுகும்போது ஒரு முனகல், தளரும்போது இன்னொன்று. முதல் ஒரு மணி நேரம் ஒவ்வொரு சத்தத்துக்கும் எழுந்து உட்கார்ந்தேன். அப்புறம் எது கயிறு, எது ஃபெண்டர், எது ஹீட்டரின் எண்ணெய்ப் பம்ப் என்று பிரித்துத் தெரிந்துகொண்டதும் மனம் அடங்கியது. அந்தப் பம்ப் டிக், டிக் என்று சுவர்க் கடிகாரம்போல அடிக்கிறது. அதைக் கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டேன்.

பன்னிரண்டு மணிக்கு வியர்த்து விழித்தேன். உள்ளே 21 டிகிரி. தூக்கக் கலக்கத்தில், செம்புக்கம்பித் தம்பி எதைச் செய்ய வேண்டாம் என்று சொன்னாரோ அதையே செய்தேன். ஹேட்சை இன்னும் கொஞ்சம் தூக்காமல், ஹீட்டரை அணைத்துவிட்டேன். சில நிமிடம் விசிறி ஓடி நின்றது. அதற்குப் பிறகு வந்த அமைதி எவ்வளவு இனிமையாக இருந்தது என்றால், நன்றாகத் தூங்கிப்போனேன்.

மூன்று நாற்பதுக்கு மூக்கு நுனி வலித்து விழித்தேன். உள்ளே 4 டிகிரி. பேட்டரி 12.1 காட்டியது. ஹீட்டரைப் போட்டேன். விசிறி சுற்றியது, வோல்ட் 11க்கும் கீழே விழுந்தது, விசிறி நின்றது. பத்து நிமிடம் கழித்து ஒருமுறை பார்த்தேன், மறுபடியும் அதேதான். மூன்றாவது முறை முயலவில்லை. விளக்குக்கும் அலாரத்துக்கும் பேட்டரி வேண்டும் அல்லவா. அலாரத்துக்குத் தனி பேட்டரிதான் என்றாலும் அந்த நேரத்தில் அப்படித்தான் தோன்றியது.

அப்போது அடுப்பைப் பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், கை போனது. இங்கே நீங்கள் எழுதியதைப் படிக்காமல் போயிருந்தால் நிச்சயமாகப் பற்றவைத்துவிட்டு, ஹேட்சையும் மூடிக்கொண்டு படுத்திருப்பேன். பற்றவைக்கவில்லை. ஃபிளாஸ்க்கில் இருந்த வெந்நீரைப் பையில் ஊற்றித் தொடைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டேன். காலுறையை மாற்றினேன், மாலையிலிருந்து போட்டிருந்தது லேசாக ஈரமாகிவிட்டது. கம்பளித் தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டு, இறகுப் பைக்குள் புகுந்து, மேலே போர்வையை இழுத்துக்கொண்டேன். கால் மணி நேரம் நடுங்கினேன். அப்புறம் சூடு வந்தது, ஒரு ஆள் அளவுக்கு, அந்தப் பைக்குள் மட்டும். அதுவே போதுமாக இருந்தது. முகம் மட்டும் குளிர்ந்தது.

ஆறு மணி இருக்கும், ஒரு புதுச் சத்தம் கேட்டது. கண்ணாடி வளையல்களை ஒன்றோடொன்று உரசுவதுபோல. எங்கேயோ ஏதோ உடைகிறது என்று பயந்து, மிதவை உடுப்பைப் போட்டுக்கொண்டு கேன்வாஸ் ஜிப்பைத் திறக்கப் போனால் ஜிப் உறைந்திருந்தது. கையை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றித் திறந்தேன். படகைச் சுற்றிக் காகிதம்போல மெல்லிய பனிக்கட்டி பிடித்திருந்தது. எங்கோ ஒரு நாமக்கோழி நீந்திப் போன அலையில் அது நொறுங்கிப் படகின் பக்கத்தில் உரசிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம்தான்.

ஏழரைக்கு மேல் ஆவி எழும்பியது. கரையிலிருந்து பார்த்தால் அது ஏரி முழுக்க ஒரே வெள்ளைப் போர்வை. உள்ளேயிருந்து பார்த்தால் அப்படி இல்லை. தனித்தனியாக, ஆள் உயரத்துக்கு, நூல் நூலாக எழுந்து மெதுவாக நகர்கிறது. ஒன்று படகுக்கு மேலேயே வந்து கடந்து போனது. முகத்தில் ஈரம் பட்டது. பின் தளத்தில் போர்வையைச் சுற்றிக்கொண்டு, வெயில் வந்து அது கரையும் வரை உட்கார்ந்திருந்தேன். பதினோரு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தது அது.

ஜன்னல்களில் ஈரம் இருந்தது, துடைத்தால் போகிற அளவுதான். கூரையிலிருந்து சொட்டவில்லை. ஆனால் மெத்தையைத் தூக்கிப் பார்த்தபோது அடியில், படகின் சுவரை ஒட்டிய பக்கம், இரண்டு கை அகலத்துக்கு நனைந்திருந்தது. இதை யாரும் சொல்லவில்லை. காற்றுப் படாத இடத்துக்கு என்ன செய்வது? புது பேட்டரி வந்ததும் இரண்டு வாரத்தில் மறுபடி போகிறேன்.

சுக்கான்

சொல்லாமல் விட்டது என் தவறு, சகோதரி. உடம்புச் சூட்டில் மெத்தை வழியாக இறங்கும் ஈரம், அடியில் குளிர்ந்த ஃபைபரைத் தொட்டதும் தண்ணீராகிவிடும். மெத்தையை நேராகப் பலகையில் போடாதீர்கள். கட்டிலுக்குப் போடும் மரச்சட்டங்களை அளவுக்கு வெட்டி, நடுவில் இரண்டு விரல் இடைவெளி விட்டு அடுக்குங்கள். அதற்கு மேல் மெத்தை, மெத்தைக்கு மேல் தண்ணீர் உறிஞ்சாத ஃபோம் பாய் ஒன்று. சுவர்ப் பக்கம் ஒரு உள்ளங்கை அளவு மெத்தை தள்ளியே இருக்கட்டும். இப்போது நனைந்ததை இந்த வாரமே வீட்டுக்குக் கொண்டுபோய்ச் செங்குத்தாக நிறுத்திக் காயவையுங்கள், விட்டுவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும்.

அப்புறம் அந்தப் பனிக்கட்டி. காகிதம்போல இருக்கும்வரை பயமில்லை. ஒரு விரல் பருமன் ஆகிவிட்டால் அலையில் அது ரம்பம்போலத் தண்ணீர்மட்டத்தில் படகின் பூச்சை அறுக்கும். போகிற அன்று காலையில் கரையிலிருந்து ஒரு கம்பால் தட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.